பழைய கல்லைப் பெயர்க்கும் முன் பழைய நோட்டைத் திறங்கள்

ஜி.யு. போப் ஐயரின் கல்லறையில் என்ன எழுதியிருக்கிறது என்று நம் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் பதில் வரும்: "இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்." மேடைக்கு மேடை சொல்லி, பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிகளில் மனப்பாடமாகிப்போன செய்தி இது. அந்தக் கல் ஆக்ஸ்போர்டில் செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் இன்றும் நிற்கிறது. படம் கிடைத்தால் நிதானமாகப் படித்துப் பாருங்கள். அந்த வாக்கியம் அதில் இல்லை. அவர் பெயர் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர் என்று இருக்கிறது. 1820இல் பிறந்து 1908இல் இறந்தது இருக்கிறது. குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து வைத்த கல் என்றும் இருக்கிறது. என்னைக் கேட்டால் அந்தக் கடைசிச் செய்தி ஒன்றே கட்டுக்கதையைவிட உயர்ந்தது. ஆனால் அதை யாரும் சொல்வதில்லை. ஏனென்றால் யாரும் கல்லைப் படிக்கவில்லை.

கல்லைப் படிக்காத இந்தப் பழக்கம்தான் இன்று எனக்கு வழக்கு. 1840களில் நம் சாயர்புரத்தில் பள்ளி நடத்திய வெள்ளைக்காரரின் கல்லறை எங்கே என்று நமக்குத் தெரியும். ரேனியஸ் ஐயர் 1838இல் இறந்து பாளையங்கோட்டை அடைக்கலாபுரத்தில் அடங்கியிருக்கிறார் என்று தெரியும். கால்டுவெல் 1891இல் கொடைக்கானலில் இறந்து, இடையன்குடியில் தாம் கட்டிய ஆலயத்திலேயே அடக்கமானதும் தெரியும். நல்லது, தெரிந்திருக்க வேண்டும். அதே விக்டோரியா மகாராணி காலத்தில், அதே ஐயர்மாரோடு ஊர் ஊராக நடந்த உபதேசியார், வாத்தியார், பனையேறி, கிணறு வெட்டியவர் எல்லாம் எங்கே? உங்கள் தாத்தாவின் தாத்தா எந்தத் தோட்டத்தில் கிடக்கிறார்? கேட்டால் முழிக்கிறோம்.

"அவர்களுக்குக் கல் கிடையாது, எப்படித் தெரியும்?" என்பார்கள். கல் இல்லாததால் அடக்கமே இல்லை என்றாகிவிடுமா? இங்கிலாந்தில் விக்டோரியா காலத்து முன்னோரைத் தேடுகிறவர்களும் முதலில் முட்டிக்கொள்வது இந்தச் சுவரில்தான். அங்கே 1837 ஜூலை முதல் அரசாங்கம் இறப்பைப் பதிந்தது. ஆனால் அந்தச் சான்றிதழில் எங்கே புதைத்தார்கள் என்ற விவரம் இருக்காது. 1833 முதல் 1841க்குள் லண்டனைச் சுற்றி ஏழு பெரிய தனியார் கல்லறைத் தோட்டங்கள் திறந்தார்கள். அங்கும் காசுள்ளவனுக்குத்தான் சொந்தக் குழியும் கல்லும். ஏழைகளுக்கு ஒரே குழி. ஒருவருக்கொருவர் உறவில்லாத பலரை அதில் அடுக்கி மூடினார்கள். மேலே பெயர் இல்லை. ஆனாலும் இன்று அவர்கள் பேரன் பேத்திகள் அந்தக் குழி எண்ணைக் கண்டுபிடித்துப் போய் நிற்கிறார்கள். எப்படி? பதிவேடு இருந்தது. 1813 முதலே அங்கே ஆலயங்களில் அச்சிட்ட அடக்கப் பதிவேடு கட்டாயம்: பெயர், வசித்த இடம், அடக்க நாள், வயது, ஆராதனை நடத்தியவர் பெயர்.

அதே மாதிரிக் கட்டங்கள் போட்ட நோட்டுகள் நம் சேகரங்களிலும் எழுதப்பட்டன. பத்திரப் பதிவு அலுவலகத்தில் 34 வருஷம் பழைய வால்யூம்களோடு குடித்தனம் நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: கல் சாயும், எழுத்து உதிரும், ஆனால் ஒழுங்காக எழுதிய ஒரு வரி நூற்றைம்பது வருஷம் கழித்தும் பேசும். என் தாத்தாவின் தாத்தாவை நான் அப்படித்தான் கண்டேன். உபதேசியார். தகப்பன் பெயர், ஊர், வயது, காரணம் "வாந்திபேதி". ஒரே வரி. அவர் மனைவியை மட்டும் இன்றுவரை காணவில்லை. அவர் இறந்திருக்க வேண்டிய வருஷங்களின் நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. பீரோவின் அடித்தட்டில், ஈரச் சுவரை ஒட்டி வைத்திருந்தார்கள். அந்த அம்மாவுக்குக் கல்லும் இல்லை, இப்போது வரியும் இல்லை. இந்த நஷ்டத்துக்கு யாரிடம் போய் முறையிடுவது?

நம் ஆட்களுக்கு வேறு கதியும் இல்லை. 1886இல் வந்த பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் விரும்புகிறவர்கள் பதிந்துகொள்ளலாம் என்றுதான் சொன்னது. பனங்காட்டு ஊரில் யார் விரும்பி நடந்து போய்ப் பதிந்திருப்பார்கள்? வெள்ளைக்காரர்களுக்கோ எல்லா ஏற்பாடும் இருந்தது. சென்னை மாகாணத்துச் சாப்ளின்கள் எழுதிய ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்குப் போயின. இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. 1905இல் ஜே.ஜே. காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி, மாகாணம் முழுக்க இருந்த கல்லறை வாசகங்களைத் தொகுத்து அரசாங்க அச்சகத்தில் புத்தகமாகவே போட்டார். அதன் தலைப்பிலேயே ஒரு நிபந்தனை உண்டு: சரித்திர முக்கியத்துவமோ தொல்லியல் முக்கியத்துவமோ உள்ள கல்லறைகள் மட்டும். அந்த நிபந்தனைக்குள் நம் உபதேசியாரும் பனையேறியும் வருவார்களா? அவர்களுக்கு இருப்பது சேகரத்து நோட்டு மட்டுமே.

அந்த நோட்டையும் கல்லையும் நாம் எப்படி நடத்துகிறோம்? பெயர் சொல்லாமல் ஒரு சேகரத்துக் கதையைச் சொல்கிறேன். கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லை என்று கமிட்டியில் தீர்மானம் போட்டார்கள். அடுத்த வாரம் ஜே.சி.பி. வந்தது. பழைய பகுதி ஒரே பகலில் சமதளமானது. பெயர்த்த கற்கள் மதில் ஓரம் குவிந்தன. நான் போய்ப் பார்த்தபோது தண்ணீர்க் குழாயடியில் ஒரு கல் படியாகக் கிடந்தது. எழுத்து மேல்பக்கம், குடம் வைத்து வைத்துப் பாதி தேய்ந்திருந்தது. அதிலிருந்த பெயர்களை யாராவது எழுதி வைத்தீர்களா என்று கேட்டேன். "எதுக்கு சார்? உரிமை கேட்டு யாரும் வரலியே" என்றார்கள். வருகிறவன் சென்னையிலும் துபாயிலும் இருக்கிறான். ஒரே வாரத்தில் எப்படி வருவான்?

இடப்பற்றாக்குறை உண்மை, நான் மறுக்கவில்லை. லண்டனிலும் அதே நெருக்கடிதான். ஹைகேட் கல்லறைத் தோட்டத்துக்கு, பழைய குழிகளைத் திரும்பப் பயன்படுத்த 2022இல் தனிச் சட்டமே போட்டார்கள். ஆனால் 75 வருஷம் கடந்திருக்க வேண்டும், முன்கூட்டி அறிவிப்புக் கொடுக்க வேண்டும். உள்ளாட்சிக் கல்லறைத் தோட்டங்களுக்கு 1977இல் போட்ட ஆணை இன்னும் கறார்: கல்லை அகற்றுவதென்றால் அதிலுள்ள வாசகத்தைப் படியெடுத்துப் பதிய வேண்டும், ஒரு நகலைத் தலைமைப் பதிவாளரிடம் சேர்க்க வேண்டும். புதைக்க இடம் வேண்டும் என்பதற்காகப் பெயரையும் சேர்த்துப் புதைப்பதில்லை.

இனி எனக்கு எதிராகச் சொல்லப்படும் மூன்று வாதங்கள்.

முதலாவது: "ஆத்துமா கர்த்தரிடம் போய்விட்டது, மண்ணில் என்ன தேடல்?" கேட்கப் பக்தியாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைச் சொல்கிறவர்களே கல்லறைத் திருநாள் அன்று தங்கள் அப்பா அம்மா கல்லுக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். இரண்டு தலைமுறைக்கு மண் முக்கியம், நான்காம் தலைமுறைக்கு மட்டும் பரலோகம் போதுமா?

இரண்டாவது: "நோட்டைக் காட்டினால் சொத்து வழக்கு வரும்." எங்கள் அலுவலகத்தில் பத்திர நகல் கேட்டு வந்தவர்களை நாங்கள் விரட்டியதில்லை. கட்டணம் வாங்கினோம், ரசீது கொடுத்தோம். வழக்கு போடுகிறவன் நோட்டு இல்லாமலும் போடுவான். நோட்டு இருந்தால் பொய் வழக்கு நிற்காது.

மூன்றாவதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை, காதோடு சொல்கிறார்கள்: "பழைய நோட்டில் சாதி எழுதியிருக்கும் சார், கிளற வேண்டாம்." உண்மை, சில இடங்களில் எழுதியிருக்கிறது. செத்தபிறகும் பிரித்து வைக்கக் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சுவர் கட்டிய சபைகள் தமிழ்நாட்டில் உண்டு. இதில் வெட்கப்பட வேண்டியவர்கள் சுவர் கட்டியவர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் கிடக்கிறவர்களின் பெயரை எதற்கு மறைக்க வேண்டும்? அவர்களுக்கென்று மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி அந்த நோட்டுதான்.

ஆகவே நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. கல்லைப் பெயர்க்குமுன் ஒவ்வொன்றையும் படம் எடுங்கள். இன்று பிள்ளைகள் கையிலெல்லாம் கேமரா இருக்கிறது. வாலிபர் சங்கத்துக்கு இரண்டு சனிக்கிழமை வேலை. வெயில் சாய்வாக விழும் காலையில் எடுத்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். கல்லைச் சுண்ணாம்பாலோ ஆசிட்டாலோ தேய்க்காதீர்கள். அடக்கப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து ஒரு பிரதியைத் திருமண்டல அலுவலகத்தில் வையுங்கள். ஒரு பகுதியைத் தோண்டுவதற்கு ஒரு வருஷம் முன்னால் ஆலயக் கதவில் அறிவிப்பு ஒட்டுங்கள், ஞாயிற்றுக்கிழமை வாசியுங்கள்.

தேடுகிறவர்களுக்கும் ஒரு சொல். பெயரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். வேதமாணிக்கமும் ஞானமுத்துவும் மாசிலாமணியும் ஊருக்குப் பத்துப் பேர். தகப்பன் பெயரையும் ஊரையும் சேர்த்துப் பிடியுங்கள். ஆங்கிலத்தில் எழுதிய நோட்டு என்றால் ஒரே பெயரை நாலு விதமாக எழுதியிருப்பார்கள்; வாய்விட்டுப் படித்தால் பிடிபடும். அடக்கம் கிடைக்காவிட்டால் பிள்ளைகளின் திருமணப் பதிவைப் பாருங்கள். தகப்பன் அப்போது உயிரோடு இருந்தாரா என்பதற்குச் சில சமயம் அங்கே குறிப்பு கிடைக்கும்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேராவது ஏதோ ஒரு கமிட்டியில் இருக்கிறீர்கள், அல்லது இருந்தவர்கள். அடுத்த கூட்டத்தில் "இதர விஷயங்கள்" வரும்போது எழுந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 1900க்கு முந்தின அடக்கப் பதிவேடு எந்த பீரோவில் இருக்கிறது, கடைசியாக எப்போது திறந்தோம்? பதில் வராவிட்டால் சாவியைக் கேளுங்கள்.