குழவிக்கோர் கைப்பின்னல்

மகப்பேறு நிகழ்ந்த மனைக்கு வெறுங்கையோடு செல்லுதல் நம் நாட்டு வழக்கமன்று. பொன்னும் வெள்ளியும் வழங்க இயலாதார் ஒரு சட்டையோ கிலுகிலுப்பையோ கொண்டு சென்று குழவியின் முகங்கண்டு மகிழ்வர். அத்தகைய பரிசுகளுள், நூலும் ஊசியுங் கொண்டு கையாற் பின்னிய குல்லாயும் காலுறையும் தனிச் சிறப்புடையன என்பார் பலர். அச்சிறப்பு எதனால் வந்தது? எப்பொழுது அது மெய்யாகும்? இவ்விரண்டையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் பின்னலின் இயல்பை அறிதல் வேண்டும். நெசவில் பாவும் ஊடையும் ஒன்றையொன்று குறுக்கிட்டு நிற்கும். பின்னலிலோ நூலானது கண்ணி கண்ணியாய் வளைந்து, ஒரு கண்ணியினூடே மற்றொரு கண்ணி நுழைந்து செல்லும். ஆதலின் பின்னிய துணி இழுத்தால் விரியும், விட்டாற் சுருங்கும். வளருந் தலைக்கும் ஓயாதுதைக்குங் காலுக்கும் இஃது ஏற்ற குணமாம். 1589-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் பொறியொன்றை அமைத்தார். அவ்வழியில் வளர்ந்த பொறிகளே இன்று திருப்பூரிற் பனியன் துணியைப் பின்னுகின்றன. பின்னலை அறியேம் என்பாரும் நாடோறும் அதனை உடுத்தே திரிகின்றனர்.

அங்ஙனமாயின், பொறி நொடியிற் செய்வதைக் கை இரண்டு மாலைப்பொழுதிற் செய்வானேன் என ஒரு வினா எழும். நேரிய வினாவே. குளிரைத் தடுப்பதில் பொறி செய்த குல்லாய் கை செய்ததற்குத் தாழ்ந்ததன்று. கையின் சிறப்பெல்லாம், இன்ன குழவிக்கு இன்னது வேண்டும் என்று எண்ணி அளந்து செய்வதிலேயே அடங்கியுள்ளது. அவ்வெண்ணம் இல்லையேல் கைப்பின்னல் வெறும் பொழுதுபோக்கே.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவேன். நிறைமாதத்திற் பிறந்த குழவியின் தலைச்சுற்றளவு ஏறக்குறைய 35 சென்டிமீட்டராகும். குறைமாதத்திற் பிறந்த குழவிக்கோ அவ்வளவு குல்லாய் கண்ணையும் மூக்கையும் மூடிவிடும். 2500 கிராமுக்குக் குறைந்த எடையுடன் பிறக்கும் குழவிகளுக்குத் தம் உடற்சூட்டைத் தாமே காத்துக்கொள்ளும் ஆற்றல் குறைவு. உடற்சூடு 36.5 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குதல் அவற்றிற்கு இடர் விளைக்கும். வெப்ப நாடுகளிலும் இது நேர்வதுண்டு. 1978-ஆம் ஆண்டில் கொலம்பியா நாட்டுப் பொகோட்டா நகரில் எட்கர் ரே என்னும் மருத்துவர், இத்தகைய குழவிகளைத் தாயின் மார்போடு மேனி படுமாறு அணைத்து வைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு தன் குட்டியைப் பையிலே சுமப்பதை ஒத்தலின் அது கங்காரு முறையெனப் பெயர் பெற்றது. பிறந்தவுடனேயே இதனைத் தொடங்குக என உலக சுகாதார நிறுவனம் 2022-இல் அறிவுறுத்திற்று. அம்முறையிற் குழவி அணிவன யாவை? அரைத்துணி, குல்லாய், காலுறை என்பனவே. பொன்னுக்கு அங்கே இடமில்லை. ஒரு பிடி நூலுக்கு இடமுண்டு.

தமிழிற் பிள்ளைத்தமிழ் பாடிய புலவர் பத்துப் பருவங்களுள் காப்புப் பருவத்தையே முதற்கண் வைத்தனர். அழகு பார்த்தலும் ஆடக் காணுதலும் பின்னரே. பரிசு பின்னுவோரும் இம்முறையை மறத்தலாகாது. கோவையிலும் மதுரையிலும் சித்திரை வெயிலிற் பிறந்த குழவிக்குத் தடித்த கம்பளிச் சட்டை அளிப்பது அன்பாயினும் அறிவன்று. மெல்லிய பருத்திநூலே அதற்குத் தக்கது. நாடாவும் பொத்தானும் கழுத்திற் சுற்றவும் வாயிற் புகவும் கூடும். பெருந்துளைப் பின்னலில் பிஞ்சு விரல் சிக்கும். வீட்டினுள் உறங்கும் நலமுற்ற குழவிக்குக் குல்லாய் அணிவித்தால் சூடு மிகும் என்று மருத்துவர் தடுக்கின்றனர். கொடுப்போரின் கைத்திறம் காட்டுதற்கன்று பரிசு; கொள்ளுங் குழவியின் நலத்திற்கே.

இனி, இக்கலை ஒருவர் மடியிலேயே முடங்கிக் கிடத்தலும் தகாது. 1821-ஆம் ஆண்டில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அக்கூலியைக் கொண்டு அடிமைத்தளையினின்று தம்மை மீட்டுக்கொண்ட பெண்களும் உளர். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்ததோ 1855-இலேதான். கற்றவர் மற்றவர்க்கு மறையாது கற்பித்தமையால் ஊசியும் நூலும் விடுதலைக்குத் துணையாயின. கைத்தொழில் பரவப் பரவக் குறையும் பொருளன்று.

இது பெண்டிர்க்கே உரியது என்று ஆண் மாணவர் ஒதுங்குவதும் பொருந்தாது. பெரு நாட்டின் தக்கீலே என்னும் தீவில் ஊசிப்பின்னல் ஆடவர் தொழில். சிறுவரும் முதியவரும் குல்லாய் பின்னுவர். அத்தீவினரின் நெசவு, பின்னற் கலைகளை 2005-இல் யுனெஸ்கோ மனித குலத்தின் அருமரபுகளுள் ஒன்றாக அறிவித்தது. ஊசி பிடிக்கும் விரலுக்கு ஆண் பெண் என்னும் வேற்றுமை இல்லை.

ஆகவே என் கருத்து இதுவே. கல்லூரிதோறும் வாரத்திற்கு ஒரு மணி நேரம், அறிந்தோர் அறியாதோர்க்குப் பின்னல் பயிற்றுக. அருகிலுள்ள அரசினர் மருத்துவமனையின் செவிலியரை முதலில் அணுகி, எவ்வளவில் எத்தனை குல்லாய் வேண்டும், எந்நூல் ஏற்றது என்று கேட்டறிக. அவர் வேண்டியதை மட்டுமே பின்னுக. துவைத்து, வெயிலில் உலர்த்தி அளிக்குக. ஒரு கண்ணி நழுவினால் அவ்வரிசை முழுதும் குலைந்து இறங்கும் என்பதைப் பின்னுவோர் அறிவர். மக்கட் கூட்டமும் அத்தகையதே. நம்முள் மிகச் சிறிய கண்ணியை நழுவவிடாது பற்றுதல் கற்றோர் கடனாகும்.