மருத்துவச்சிக்கு உரிய மதிப்பு

மகப்பேற்றிற்குத் துணைநின்ற பெண்ணுக்குத் தமிழ் வழங்கிய பெயர் மருத்துவச்சி. ஏவலாள் என்றோ கூலியாள் என்றோ தமிழ் அவளை அழைக்கவில்லை. மருத்துவன் என்னும் சொல்லுக்கு நேரான பெண்பாற் பெயரையே சூட்டிற்று. மொழி தந்த அம் மதிப்பைத் தமிழ்க் குமுகாயம் தந்ததா?

தமிழகச் சிற்றூர்களில் அப் பணியைச் செய்தவர் பெரும்பாலும் முடிதிருத்துவோர் குடிப் பெண்களே. நள்ளிரவாயினும் அடைமழையாயினும் அழைத்த வீட்டிற்கு அவர்கள் சென்றனர். வயிற்றைத் தடவியே குழவி கிடக்கும் நிலையை அறிந்தனர். இடுப்பு நோவின் ஏற்ற இறக்கங் கண்டு பொழுது கணித்தனர். கொப்பூழ்க்கொடி அறுத்து, நச்சுக்கொடி விழுமளவும் காத்திருந்தனர். பெற்ற கூலியோ சில படி நெல்லும் ஒரு பழம்புடைவையும்! குழவியை முதன்முதல் ஏந்திய அக் கைகளையே, பின்னர்த் தீட்டென்று சொல்லி வாயிலுக்கு வெளியே நிறுத்தியது பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பித்த கொடுமை.

பழமை என்பதனாலேயே அனைத்தையும் போற்றுதல் அறிவுடைமை ஆகாது. தூய்மையற்ற கருவியாற் கொடி அறுத்தமையால் இசிவு நோய் கண்டு மடிந்த குழவிகள் பல. குருதிப் பெருக்கை நிறுத்த வழியின்றி மாண்ட தாயர் பலர். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிய வழக்கமும் பிழையே. ஆதலின் மருத்துவமனை வந்தது நன்றே. 2019-21ஆம் ஆண்டுகளின் நாட்டுக் குடும்பநல ஆய்வு, தமிழகத்தில் நூற்றுக்கு 99-க்கு மேற்பட்ட பேறுகள் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன என்கிறது.

ஆயின் அதே ஆய்வு, நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேறுகள் வயிற்றைக் கீறி நிகழ்ந்தவை என்றும், தனியார் மருத்துவமனைகளில் அது 64-ஐ எட்டிற்று என்றும் காட்டுகிறது. 10 முதல் 15 விழுக்காட்டிற்கு மேல் தேவையில்லை என்பது 1985-இல் உலக நலவாழ்வு நிறுவனம் கொண்ட கருத்து. காத்திருக்கத் தெரிந்த கைகள் மறைந்தன. காத்திருக்கப் பொழுதில்லாக் கத்திகள் பெருகின.

ஆங்கில நாட்டிலும் சுவீடனிலும் இயல்பான பேறுகளைப் பயிற்சி பெற்ற மருத்துவச்சியரே பார்க்கின்றனர். நடுவணரசும் 2018-இல் அத்தகைய பணிக்கென வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தமிழகத்தில் அப் பணி பரவுக! எக் குடியிற் பிறந்த பெண்ணும் அதனைக் கற்று மதிப்போடு வாழ்க! அப் பணிக்கு வேற்றுமொழிப் பெயரைக் கடன் வாங்குதல் வேண்டா. மருத்துவச்சி என்னும் பெயரே போதும்.

தமிழன்பர்களே! 'டெலிவரி', 'சிசேரியன்' என்று நாக்குழறும் தலைமுறைக்கு இடுப்பு நோவும் பனிக்குடமும் நச்சுக்கொடியும் அயற்சொற்களாகி விட்டன. உங்கள் ஊரில் எஞ்சியுள்ள முதிய மருத்துவச்சியை இன்றே தேடிச் செல்லுங்கள். திண்ணையில் அமர்த்தி அவர் அறிந்த சொற்களை எழுதிக்கொள்ளுங்கள். அவரோடு அவை எரிந்துபோதல் தமிழுக்கு இழப்பு; அவரை வெளியே நிறுத்தியதோ தமிழர்க்கு இழுக்கு!