இரத்தக் குழாய்களில் இயல்பும் விகாரமும்

தமிழிலக்கணம் பயில்வார், புணர்ச்சியை இயல்பென்றும் விகாரமென்றும் பகுத்துணர்வர். விகாரமாவது தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகைத்து. வாழைப்பழத்தில் ஓரெழுத்துத் தோன்றுகின்றது, மட்குடத்தில் திரிகின்றது, மரவேரில் கெடுகின்றது. இவற்றைப் பிழையென்பார் ஒருவருமிலர். மானிட சரீரத்தின் இரத்தக் குழாய்களையும் இவ்வாறே நோக்குதல் வேண்டுமென்பது எமது துணிபு.

வயிற்றினுள் பெருந்தமனியானது முதுகெலும்பின் முன்னே இறங்கிக் கிளை பல விடுத்து, இடுப்பருகே இரண்டாய்ப் பிரிந்து கால்களை நோக்கிச் செல்கின்றது. சிறுநீரகம் ஒவ்வொன்றிற்கும் ஒரு தமனி என்பது இயல்பு. ஆயினும் ஏறத்தாழ நால்வரில் ஒருவர்க்கு ஒரு புறத்திலேனும் மற்றொரு தமனியும் உண்டு, இது தோன்றல். கல்லீரலின் வலப்பாகத்துக்குரிய தமனி, சிலர்க்குத் தன் மூலத்தை விட்டுச் சிறுகுடலை ஊட்டும் தமனியினின்று கிளைக்கும், இது திரிதல். புறங்காலில் நாடி பார்த்தற்குரிய தமனி சிலர்க்கு இல்லாதொழியும், இது கெடுதல். அவ்வழிப் பிறிதொரு தமனி கிளைவிட்டு அப்பாதத்தைப் புரக்கும். முழங்கையின்கீழ்ப் பிரியற்பாலதாகிய தமனி, மேற்கையிலேயே பிரிந்துவிடுதலும் உண்டு. இத்தகையோருட் பெரும்பாலார் இதனை அறியாமலே நெடுநாள் நலமுற வாழ்கின்றனர்.

மருத்துவரோ அறியாதிருத்தல் தகாது. முழங்கை மடிப்பில் தோலுக்கு அணித்தாய் ஓடும் தமனியைச் சிரையென மயங்கி மருந்தேற்றின், விரல்களை இழக்கவும் நேரும். மாற்றிவைக்கும் சிறுநீரகத்தின் இரண்டாந் தமனியை இணையாது விடின், அதனால் ஊட்டப்பெறும் பகுதி மாண்டுபோம். ஆதலின் ஈவோரின் குழாய்களை முன்னரே படம்பிடித்து ஆராய்கின்றனர்.

அவ்வாராய்ச்சியின் முடிவை நோயாளர்க்கு எச்சொல்லால் உணர்த்துவது என்பதே எம் வினா. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி முதலிய எம் ஊர்களினின்று சென்னை மருத்துவமனைகளை நாடுவோருள் தொழிலாளர் குடும்பத்தார் பலர். ஆங்கில அறிக்கையைக் கையிற் கொடுத்துக் "குழாயிலே கோளாறு" என்றால், தமையனுக்குச் சிறுநீரகம் ஈய முன்வந்த தங்கையும் அஞ்சிப் பின்வாங்குவாள். "உனக்கு நோயொன்றுமில்லை, அம்மா, அமைப்பிலே ஒரு வேறுபாடு உளது, அதனால் எங்கள் வேலை சற்றுக் கடினமாகும்" என்றால், இசையினும் மறுப்பினும் அறிந்து செய்வாள். அவ்வுரிமையை ஒரு சொல் பறித்தலாகாது.

தமிழில் இவற்றை விளக்கலாகுமோ என ஐயுறுவார்க்கு விடை பழையது. 1847-ஆம் வருஷம் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மாணவர்க்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். அவர் முயற்சியால் மனுஷ அங்காதிபாதம் என்னும் உடற்கூற்று நூல் 1872-இல் வெளிவந்தது. அயல்நாட்டார் ஒருவர்க்கு இயன்றது நமக்கு இயலாதோ?

ஆதலின், மாணவ நண்பர்காள், தமிழ் பயில்வோரும் உயிர்நூல் பயில்வோரும் ஒருங்கமர்ந்து, நோயாளர் கையிற் கொடுத்தற்குரிய எளிய தமிழ்க் குறிப்புக்களை எழுதத் தொடங்குவோமாக. கோளாறு எது, வேறுபாடு எது என்று அவற்றில் முதற்கண் பிரித்துக் காட்டுவோமாக.