கோழி எருவும் கிணற்றுக்குள்தான் இறங்கும்

தர்மபுரி மாவட்டத்துத் தண்ணீரைப் பற்றிப் பேச்செடுத்தால் ஃபுளோரைடில் ஆரம்பித்து ஃபுளோரைடிலேயே முடித்துவிடுகிறோம். பல்லில் காவி, முட்டி வலி, அதற்காக 2013-இல் வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், எல்லாம் தெரிந்த கதை. ஃபுளோரைடு பாறையிலிருந்து வருவது. நாம் கொண்டுவந்து கொட்டியது இல்லை. ஆனால் அதே கிணற்றில், அதே போரில் நைட்ரேட்டும் இருக்கிறது. அது பாறை கொடுத்ததில்லை. மேலே நிலத்திலிருந்தும் மாட்டுக் கொட்டகையிலிருந்தும் கக்கூஸ் குழியிலிருந்தும் இறங்கியது. எங்கள் மொரப்பூர்ப் பக்கம் ஒகேனக்கல் தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீர்தான். கொல்லை வேலைக்குப் போகிறவர்களுக்கோ என்றைக்குமே கிணற்றுத் தண்ணீர்தான்.

குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வேறு தண்ணீர் இல்லாவிட்டால் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம் என்று சில பொருள்களுக்குச் சலுகை உண்டு. நைட்ரேட்டுக்கு அதுவும் கிடையாது. தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் இந்த அளவைத் தாண்டிய கிணறுகளை மத்திய நிலத்தடி நீர் வாரியம் பதிவு செய்திருக்கிறது. தர்மபுரியும் அதில் உண்டு. பால் மாவைத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கும் கைக்குழந்தைக்குத்தான் முதல் ஆபத்து. ரத்தம் உயிர்வளியைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பாரிக்கும். இதற்கு நிறமில்லை, வாசனையில்லை. காய்ச்சிக் குடித்தாலும் போகாது. தண்ணீர் சுண்டுமே தவிர நைட்ரேட் அப்படியே நிற்கும்.

யூரியாக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். 45 கிலோ மூட்டையில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது 20 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அதில் மூன்றில் ஒரு பங்கு வேருக்குக் கிடைக்காமல் நைட்ரேட்டாகி இறங்கினால், சுத்தமான தண்ணீர் கிட்டத்தட்ட 7 லட்சம் லிட்டரை அந்த 45 மில்லிகிராம் எல்லைக்குக் கொண்டுவந்து நிறுத்தும். ஒரே ஒரு மூட்டை! மஞ்சளுக்கும் கரும்புக்கும் எத்தனை மூட்டை போகிறது என்று நம் ஊர் உழவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நைட்ரேட்டை மண் பிடித்துவைக்காது. தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே அதுவும் போகும். நம்முடையதோ மேலே செம்மண், கீழே வெடிப்புள்ள பாறை. நல்ல மழை பெய்தால் விரிசல் வழியாகக் கிணற்றுக்கு வந்துசேர ரொம்ப நாள் ஆகாது.

இதுவரை நம் இதழில் எல்லாரும் தலையாட்டுவார்கள். இனிச் சொல்வதற்குக் கொஞ்சம் முகம் சுளிக்கலாம்.

தழைச்சத்துக்கு மூட்டை எது, எரு எது என்று தெரியாது. யூரியாவை விட்டுவிட்டு அந்த இடத்தில் நாமக்கல் பக்கத்திலிருந்து லாரியில் கோழி எரு இறக்குகிறவர்கள் நம்மில் அதிகமாகிக்கொண்டே போகிறார்கள். கோழி எருவில் தழைச்சத்து ஏறக்குறைய 3 சதவீதம். தொழு உரத்தில் அரை சதவீதம்தான். மூன்று டன் கோழி எரு கொட்டினால் 90 கிலோ தழைச்சத்து, நாலு மூட்டை யூரியாவுக்கும் மேல். அதிலும் பாதிக்கு மேல் முதல் போகத்திலேயே கரைந்து வெளியே வந்துவிடும். மக்கிய தொழு உரம் மாதிரி ஆற அமரக் கொடுக்கிற சரக்கு இல்லை அது. ‘இயற்கை உரம்தானே, எவ்வளவு போட்டாலும் நல்லதுதான்’ என்கிற பேச்சை நாம் விட்டாக வேண்டும்.

எருக்குழி விஷயமும் அப்படித்தான். சவுகரியத்துக்காகக் குழி கொட்டகைக்குப் பக்கத்தில், கொட்டகை கிணற்றுக்குப் பக்கத்தில். மூத்திரமும் மழைத்தண்ணீரும் சேர்ந்து கருப்பாக வழிகிறதே, அதுதான் குப்பையின் சத்து. சித்திரையில் குப்பையை வண்டியில் ஏற்றி நிலத்தில் அங்கங்கே குட்டான் குட்டானாகக் கொட்டி, உழவு ஓட்ட மாசக்கணக்கில் காத்திருப்பதும் எல்லா ஊரிலும் நடக்கிறது. வெயில் பாதியைக் காற்றில் விடும், மழை மீதியைக் கீழே இறக்கும். உழும்போது மிஞ்சுவது சக்கை.

‘ரசாயனக்காரனுக்கு வக்காலத்து வாங்குறீங்களா?’ என்று கேட்பவர்கள் இருப்பார்கள். இல்லை. ஐரோப்பிய நாடுகள் 1991-இல் நைட்ரேட்டுக்காக ஒரு சட்டம் போட்டன. பாதிப்புள்ள பகுதிகளில் எக்டேருக்கு ஆண்டுக்கு 170 கிலோ தழைச்சத்து என்று அதில் வைத்த உச்சவரம்பு எதற்குத் தெரியுமா? கால்நடை எருவுக்கு. மாடும் பன்றியும் பெருகி எரு தேங்கிய நாடுகள் பட்டுத் தெரிந்துகொண்டது அது. அதே ஐரோப்பாவில் இன்னொரு கதையும் உண்டு. ஜெர்மனியின் மியூனிக் நகரம் தனக்குக் குடிநீர் வரும் மங்ஃபால் பள்ளத்தாக்கில் இயற்கை வேளாண்மைக்கு மாறும் உழவர்களுக்கு 1992 முதல் பணம் கொடுத்துவருகிறது. தண்ணீரைச் சுத்திகரிக்கச் செலவழிப்பதைவிட, அது கெடாமல் பார்க்கும் உழவனுக்குக் கொடுப்பது லாபம் என்பது அவர்கள் கணக்கு. நம் அரசிடம் இப்படிக் கேட்க நமக்கும் உரிமை இருக்கிறது என்பேன். ஆனால் கேட்குமுன் நம் கிணறு சுத்தம் என்று காட்ட வேண்டாமா? சான்றிதழுக்கு வருகிறவர் ‘என்ன போட்டீங்க?’ என்று கேட்கிறார். எவ்வளவு, எப்போ, எங்கே குவித்து வைத்தீர்கள் என்பது பெரும்பாலும் பேச்சோடு போய்விடுகிறது.

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. குழி கிணற்றுக்கு மேட்டுப்பக்கம் இருக்கக் கூடாது. சுற்றிலும் வரப்புக் கட்டி, மேலே தென்னங்கீற்று வேய்ந்தால் மழை உள்ளே போகாது. மூத்திரத்தைக் குழிக்கு விடாமல் தொட்டியில் பிடித்தால் ஜீவாமிர்தத்துக்கு ஆச்சு. குப்பை அடித்த அன்றே உழுதுவிட வேண்டும். கோழி எருவை வைக்கோல், குச்சிக்கிழங்குத் தழையோடு சேர்த்து மக்கவைத்துத்தான் போட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், மழைக்காலத்தில் நிலம் வெறுமனே கிடக்கக் கூடாது. பலதானியம் விதைத்துவிட்டால் இறங்கப்போகும் நைட்ரேட்டை அதன் வேர் பிடித்துக்கொள்ளும். பூக்கும் சமயத்தில் மடக்கி உழுதால் அடுத்த பயிருக்கு அதுவே உரம்.

இன்னொன்று. உங்கள் கிணற்றில் நைட்ரேட் 100 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டினால் நாலரைக் கிலோ தழைச்சத்து அதிலேயே வந்துவிடுகிறது. ஐந்து தண்ணீருக்கு ஒரு மூட்டை யூரியா அளவு! அதைக் கழித்துக்கொண்டு எருவைக் குறைத்தால் காசும் மிச்சம், கிணறும் மெல்லத் தெளியும். அளவு தெரிந்தால்தானே கழிக்க முடியும்? குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்தில் ஆய்வுக்கூடம் இருக்கிறது. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊராட்சிகளுக்குக் கொடுத்த பரிசோதனைப் பெட்டியிலும் நைட்ரேட் பார்க்கலாம். பல ஊரில் அந்தப் பெட்டி அலமாரியில் தூங்குகிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை இரண்டு தடவை அலசிப் பிடியுங்கள். ஐப்பசி மழைக்கு அப்புறம் ஒரு தடவை, பங்குனியில் ஒரு தடவை. குழுவில் எல்லார் கிணற்று அளவையும் ஒரே நோட்டில் எழுதுங்கள், பக்கத்து நிலத்துக்காரர் யூரியா போடுகிறவராக இருந்தால் அவர் கிணற்றையும் சேர்த்து.