பனிக்கடியில் ஒரு பெட்டி

2000 மே மாதத் தொடக்கத்தில், பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. உடனே ஓரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் ஒரு வாளியை ஒளித்து வைத்து, அது இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் அறிவித்தார். ஒருவர் ஒளித்து வைத்த பெட்டியை ஜி.பி.எஸ். உதவியுடன் பிறர் தேடும் ஜியோகேச்சிங் விளையாட்டு பிறந்தது அப்படித்தான்.

பலருக்கு இது கோடைக்கால விளையாட்டு. ஆனால் இதன் அருமை தெரிவது குளிர்காலத்தில்தான். இலையுதிர்ந்த காட்டில் வானம் திறந்து கிடப்பதால் சமிக்ஞை நன்றாக வரும். புதர் மறைத்த மரப்பொந்தும் கண்ணில் படும். மினசோட்டாவில், கோடையில் படகின்றி எட்ட முடியாத ஏரித்தீவுப் பெட்டிகளை நீர் உறைந்தபின் நடந்தே போய் எடுக்கலாம். நடக்கக் குறைந்தது 4 அங்குலத் தெளிந்த பனிக்கட்டி வேண்டும் என்கிறது அம்மாநில இயற்கைவளத் துறை. அப்போதும் ஆபத்து முழுதாக நீங்கிவிடாது. துளையிட்டு அளந்து பார்க்காமல் யாரும் கால் வைக்கவே கூடாது.

குளிரில் பேனா மை உறைந்துபோகும். கண்டெடுத்தவர் பெட்டிக்குள் இருக்கும் குறிப்பேட்டில் பெயர் எழுதப் பென்சில்தான் கைகொடுக்கும்.

பனியில் பதியும் காலடித்தடம் இன்னொரு சிக்கல். முன்னால் வந்தவரின் தடமே அடுத்தவரை நேராகப் பெட்டியிடம் கொண்டுபோய் விட்டுவிடும். பிறர் தேடும் இன்பத்தைக் கெடுக்க மனமில்லாதவர்கள், சுற்றிலும் நடந்து தடத்தைக் குழப்பிவிட்டே திரும்புகிறார்கள். அருமையான பண்பு! பெட்டி வைப்பவர்களுக்கும் அந்தக் கரிசனம் வேண்டும். தரையோடு வைத்தால் பனி மூடிவிடும். நெஞ்சுயரக் கிளையில் தொங்கவிட்டு, குளிர்காலத்திலும் எடுக்கலாம் என்ற குறியையும் பெட்டியின் இணையப் பதிவில் சேர்க்கலாம்.