பூட்டின் சாவி யார் கையில்?

பழுதுபார்க்கும் வேளையில் இயந்திரம் ஒரு தொழிலாளியின் கையை நசுக்கினால், நிர்வாகத்தின் அறிக்கையில் முதலில் இடம்பெறும் சொல் ‘கவனக்குறைவு’. அந்த ஒரு சொல்லால் நிர்வாகம் தன் பொறுப்பு முழுவதையும் கழுவிக்கொள்கிறது. காற்றுக் குழாயில் அடைத்துப் பூட்டக்கூடிய வால்வு இருந்ததா என்ற கேள்வியை எழுப்புவோர் அரிது.

ஸ்ரீசிட்டியின் வாகன ஆலைகள் முதல் சித்தூரின் மாம்பழக்கூழ் ஆலைகள், பால் பதப்படுத்தும் ஆலைகள் வரை, சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் இயந்திரங்களை இயக்குவதில் அழுத்தக் காற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. தெலுங்கும் தமிழும் பேசும் தொழிலாளர்கள், பெரும்பாலும் ஒப்பந்தத்தில், அங்கே உழைக்கிறார்கள். மாம்பழப் பருவமோ சில வாரங்களே. நின்றுபோன இயந்திரத்தின் ஒவ்வொரு நிமிடத்தையும் நட்டமாக எண்ணும் முதலாளிக்கு, பழுதுபார்ப்பவரின் விரல்கள் கணக்கில் வருவதில்லை.

மின்சாரத்தை நிறுத்தினால் இயந்திரம் அடங்கிவிட்டது என்று நம்புவது ஆபத்தானது. 10 செ.மீ. உள்விட்டமுள்ள சிலிண்டரில் 6 பார் அழுத்தத்தில் காற்று நின்றால், அதன் தண்டு ஏறத்தாழ 480 கிலோ எடைக்கு நிகரான விசையுடன் தள்ளும். சிக்கிய பாகத்தை விடுவித்த கணமே அது பாய்ந்துவிடும். சாதாரண வால்வை மூடுவதும் போதாது. மூடிய இடத்துக்கு அப்பால் காற்று தேங்கியே நிற்கும். விவரம் அறியாத வேறொருவர் வால்வைத் திறந்தும் விடலாம். வெளியேற்றும் துளையுடன் கூடிய பூட்டு வால்வு இவ்விரண்டு ஆபத்தையும் தடுக்கிறது. மூடும்போதே அப்பாலுள்ள காற்றை வெளியேற்றுகிறது. மூடிய நிலையில் பூட்டையும் ஏற்கிறது. உயரத்தில் நிற்கும் பாகங்களுக்கு முன்னதாகவே முட்டுக்கொடுத்து, மின்சாரத்தையும் பூட்டி, அழுத்தமானி சுழியம் காட்டுவதைக் கண்ட பிறகே கையை உள்ளே நீட்ட வேண்டும்.

அழுத்தத்தில் அடைபட்டது வெளியேறினால் நேர்வது என்ன என்பதைச் சித்தூர் மாவட்டம் அறியும். 2020 ஆகஸ்டில் பூதலப்பட்டு அருகே பால் ஆலையொன்றில் அமோனியா கசிந்து, பெண் தொழிலாளர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

பூட்டுக்கு அடியில் இருப்பது அதிகாரம் பற்றிய கேள்வி. பழுதுபார்ப்பவர் ஒவ்வொருவரும் தம் பூட்டைத் தாமே மாட்டிச் சாவியைத் தம்மிடமே வைத்திருந்தால், மேற்பார்வையாளரின் அவசரத்துக்காக இயந்திரம் ஓடாது. நிர்வாகங்களுக்குக் கசப்பது இதுவே. அமெரிக்காவிலும் இது தானாகக் கிடைக்கவில்லை. மோட்டார் வாகனத் தொழிலாளர் சங்கம் 1979இல் இதற்கான விதியைக் கோரி மனு கொடுத்தது. காற்றழுத்தத்தையும் உள்ளடக்கிய விதி 1989இல்தான் வெளியானது.

இந்தியாவில் 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவில், 1976ஆம் ஆண்டுத் திருத்தம் ஓர் உட்பிரிவைச் சேர்த்தது. விசையைத் துண்டிக்கும் கருவி தற்செயலாக மீண்டும் இயங்கு நிலைக்கு மாறக்கூடுமானால், அதைப் பாதுகாப்பான நிலையில் பூட்டிவைக்க ஏற்பாடு வேண்டும் என்றது அது. விசை என்பதை மின்சாரம் என்று மட்டும் சுருக்கிப் படிப்பது நிர்வாகங்களுக்கு வசதியாயிற்று. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிற்சட்டத் தொகுப்புகள் அந்தச் சட்டத்தையே அகற்றிவிட்டன. மின்விசையால் இயங்கும் கூடம் தொழிற்சாலை எனப்படுவதற்கான எண்ணிக்கை 10 தொழிலாளர்களிலிருந்து 20ஆக உயர்ந்தது. ஆய்வாளர் ‘வசதி செய்துகொடுப்பவர்’ ஆகவும் ஆக்கப்பட்டார். 2025 ஜூனிலோ, தினசரி வேலை நேர வரம்பைப் பத்து மணியாக உயர்த்த ஆந்திர அமைச்சரவை ஒப்புதல் தந்திருந்தது. களைத்த உடல், அவசரப் பழுது, பூட்டில்லாத வால்வு: மூன்றும் சேரும் இடத்தில் விபத்து தற்செயல் ஆகாது.

‘பூட்டினால் உற்பத்தி தாமதமாகும்’ என்கிறார்கள். ஆம், சில நிமிடங்கள் தாமதமாகும். வெட்டுண்ட கையோ என்றைக்கும் முளைக்காது.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. காற்றால் இயங்கும் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் காற்றை வெளியேற்றும் பூட்டு வால்வு பொருத்தப்பட வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளி உட்பட, பழுதுபார்க்கும் ஒவ்வொருவருக்கும் சொந்தப் பூட்டும் சாவியும் வேண்டும். தெலுங்கிலும் தமிழிலும் இந்தியிலும் பயிற்சி தரப்பட வேண்டும். பூட்டாத இயந்திரத்தில் கைவைக்க மறுப்பவரைத் தண்டிக்கக் கூடாது. இவற்றை ஆந்திர அரசு விதியாக அறிவிக்கட்டும். அதுவரை ஆலைவாயில் கூட்டங்களிலும் ஊதிய ஒப்பந்தப் பேச்சுகளிலும் தொழிற்சங்கங்கள் இவற்றை முன்வைத்துப் போராட வேண்டும். தொழிலாளியின் உயிருக்கான சாவி தொழிலாளியின் கையிலேயே இருக்க வேண்டும்.