கம்பி யாருக்குச் சொந்தம்?

இரணைமடுக் குளக்கட்டில் நின்று பார்ப்பவர் எவரும் ஓர் எளிய உண்மையைக் காணலாம். கனகராயன் ஆற்றைத் தேக்கி 1902 இல் கட்டத் தொடங்கிய இக்குளத்திலிருந்து, தன் வயலுக்கென்று தனி வாய்க்கால் வெட்டிக்கொண்ட விவசாயி எவனுமில்லை. வாய்க்கால் பொது, நீர் பங்கு. சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதை, இருக்கும் நீரைக் கணக்கிட்டு, கூட்டங்கூடித் தீர்மானிக்கிறார்கள். உழவன் அறிந்த இந்த நியாயம் மின்சாரத்துக்குத் திட்டம் தீட்டும் மேதைகளுக்கு ஏன் விளங்கவில்லை?

காற்றும் வெயிலும் வடக்கின் செல்வங்கள். மன்னாரிலே 2020 இல் 103.5 மெகாவாற் காற்றாலை எழுந்தது. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற் காற்றாலைகள் அமைக்க வந்த அதானி நிறுவனம், புதிய அரசு விலையை மீளாய்வு செய்ய முற்பட்டதும், 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. நிறுவனங்கள் வரும், போகும். நிலைத்து நிற்பது கம்பியே. காற்றாலையை விரைவில் நிறுத்திவிடலாம். நிலம் பெற்று, கோபுரம் நாட்டி, உபநிலையம் கட்டி உயரழுத்த வழி அமைக்க நெடுங்காலம் பிடிக்கும். ஆகவே வழியை உடையவனே காற்றையும் வெயிலையும் ஆள்வான்.

"முதலிடுபவனே கம்பியையும் இழுக்கட்டும், அரசுக்குச் செலவில்லை" என்பாரும் உளர். பொய்க் கணக்கு! அச்செலவு அலகின் விலையில் ஏறி, நமது மின்பட்டியலில் வந்து இறங்கும். பத்துத் திட்டங்களுக்குப் பத்து வழிகள் என்றால், பத்துக்கும் நம் வயலும் காடுமே இடம்விட வேண்டும். ஊர்க் கூட்டுறவுச் சங்கங்கள் சேர்ந்து சூரியப் பண்ணை அமைக்க முன்வந்தாலோ, அவற்றுக்கு வழியே இராது. தமிழ்நாட்டில் பல காற்றாலைகளின் மின்சாரத்தை ஒருங்கே சுமக்கும் பசுமை மின்வழித்தடத்தைப் பொதுத்துறையே அமைத்தது. இங்கே அது ஏன் இயலாது?

2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் மின் தேவை குறைந்தபோது, கூரைச் சூரியத் தகடுகளை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. இடம் குறுகும்போது எவரை அனுமதிப்பது, எவரை நிறுத்துவது? அதைச் சிறுபோகக் கூட்டம்போல் பகிரங்கமாகத் தீர்மானிக்கவேண்டும். வழி பொதுவுடைமையாக வேண்டும். கோபுரம் நிற்கும் நிலத்துக்கு நியாயமான ஈடு வேண்டும். பொதுவழி என்பது எந்த ஊரையும் கிளறுவதற்கான உரிமைச்சீட்டுமல்ல. 2025 இல் புதிய காற்றாலைகளை எதிர்த்து வீதியில் இறங்கிய மன்னார் மக்கள் கேட்டது, தம் சம்மதமின்றி எதுவும் நடக்கலாகாது என்பதே.

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே! இக்கேள்வியை வகுப்பறைக்கும் சங்கக் கூட்டத்துக்கும் கொண்டுசெல்லுங்கள். வாய்க்காலை ஒருவனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, குளம் நம்முடையது என்று பெருமை பேசுவதில் பொருள் என்ன?